ஒன்பதாம் பக்கத்து விதி

அந்தக் கடற்கரை ஊரில் எழுத்துக்கூட்டத் தெரிந்த குழந்தைகளுக்கெல்லாம் ரோவீனா எழுதிய ஆமைப் புத்தகம் தலைகீழ்ப் பாடம். ஒன்பதாம் பக்கத்தை யாரைக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். கூட்டை இடம் மாற்றினால், முட்டையின் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம்தான் புதுக் குழியிலும் மேலே இருக்க வேண்டும். புரண்டால் உள்ளே கரு செத்துவிடும். அதற்காகத்தான் எடுக்கும்போதே உச்சியில் பென்சிலால் ஒரு கோடு.

எழுதியவளே அதை மறந்தாள்.

டிசம்பர், அந்தப் பக்கத்தில் கோடை. கணவன் கோலினைப் புதைத்த மறுநாள் காலை, அலை எட்டுகிற இடத்தில் ஒரு கூட்டைப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு முட்டைகளையும் வாளியில் அள்ளிக்கொண்டுபோய் மேட்டில் புதைத்து, அடையாளக் குச்சி நட்டுவிட்டு வந்தாள். கோடு போட்டோமா என்று ஒரு வாரம் கழித்துத்தான் யோசித்தாள். போடவில்லை. பகீரென்றிருக்க வேண்டும், இல்லை. கோலின் போனதிலிருந்து எதுவுமே உறைக்கவில்லை. சவ அடக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கூட மூக்கைச் சிந்தினார், இவள் மரக்கட்டை மாதிரி நின்றாள்.

பிப்ரவரி முடிந்தும் ஒரு குஞ்சுகூட மேலே ஏறி வரவில்லை. மாற்றி வைத்த கைதான் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது ஆமைக் குழுவின் வழக்கம். தலைவி கிளெனிஸ் குறிப்புத்தாளோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோவீனா தோண்டி, ஒவ்வொன்றாகப் பிளந்தாள். அத்தனையும் அழுகல். எந்த ஓட்டிலும் கோடு இல்லை. முப்பது வருடமாக ஆமையோடு மாரடிக்கிற கிளெனிஸுக்கு அது கண்ணில் படாமலா இருக்கும்? அவள் பாட்டுக்கு வெயிலைத் திட்டினாள். மணல் இப்படிக் கொதித்தால் முட்டை என்ன செய்யும், பாவம் என்றாள்.

"காரணம் சூடுன்னு எழுதிட்டேன்."

ஊர் நம்பிவிடும். ரோவீனாவின் பெயரும் பிழைத்துவிடும். ஆனால் அடுத்த வருடம் குழு முழுக்க அந்தத் தாளை நம்பி, ஒவ்வொரு கூட்டுக்கும் பந்தல் போட்டுக்கொண்டு அலையும்.

"அத அடிச்சிட்டு என் பேர எழுது," என்றாள் ரோவீனா.

"பைத்தியமாடி உனக்கு? பள்ளிக்கூடத்துல உன் புத்தகத்தத்தான் வெச்சிருக்காங்க."

"அதனாலதான் சொல்றேன்."

கிளெனிஸ் வேண்டாவெறுப்பாக அடித்து எழுதினாள். "அன்னிக்குப் போய் ஏன் வந்தே? ஒரு போன் பண்ணியிருந்தா நாங்க பாத்திருக்க மாட்டோமா?"

"ஊரே சட்டி சட்டியா சமைச்சுக் கொண்டுவந்துச்சு. வந்தவங்கெல்லாம் எப்படி இருக்கேன்னு கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. முட்டை ஒண்ணும் கேக்காதுன்னு இங்க வந்தேன்."

ஓடுகளைக் குழியில் போட்டு இருவருமாக மணலைத் தள்ளினார்கள். பாதி மூடுவதற்குள் ரோவீனாவின் கை நடுங்க ஆரம்பித்தது. கட்டியவனுக்கு மண் போட்டபோது நடுங்காத கை.