நானூறு குழந்தைகளுக்கு மேல்

அந்தக் கையடக்கக் கணினியை இனித் தயாரிக்கப்போவதில்லை என்று கம்பெனி அனுப்பிய மின்னஞ்சலை ஸ்ரீரஞ்சனி இரண்டு முறை படித்தாள். தி.நகர் அலுவலகத்தில், தொண்ணூற்றாறிலிருந்து இரண்டு வருஷமாக, அவள் அதற்குத்தான் தமிழில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆட்டோ பிடித்து அடையாறு ஊரூர் குப்பத்துக்குப் போனாள்.

அங்கே குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்ஸ் தேசம்மாவிடம்தான் அந்தக் கருவியைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். அதன் நினைவகத்தில் நானூறு குழந்தைகளின் விவரம்தான் அடங்கும். அடுத்த மாடலில் ஆயிரம் பேர் அடங்குவார்கள் என்று ஸ்ரீரஞ்சனி வாக்குக் கொடுத்திருந்தாள்.

"அடுத்த மாடல் வராது சிஸ்டர். நிறுத்திட்டாங்க."

"நேத்தே நானூறும் ரொம்பிப் போச்சும்மா. இன்னிக்கு மூணு கொயந்த புச்சா வந்துகீது. எந்தக் கொயந்தய அழிக்கச் சொல்ற?"

கருவியின் திரையைப் பார்த்துவிட்டு தேசம்மாவே சொன்னாள்: "அப்பன் பேர எடுத்துடு. ஊசி போட அது இன்னாத்துக்கு?"

ஸ்ரீரஞ்சனி பெஞ்சில் உட்கார்ந்து, கருவியைத் தான் கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் இணைத்து, நானூறு தகப்பன்மார்களின் பெயர்களையும் அழித்தாள். அப்போதும் அழுகை வரவில்லை; மனசைத் தொட்டால் கல்லைத் தொட்ட மாதிரிதான் இருந்தது.

"இன்னும் அறுபது பேருக்கு இடம் இருக்கு."

"அதுக்கப்பறம்?"

"தெரியல சிஸ்டர்."

தேசம்மா கருவியை வாங்கிக்கொண்டு, வரிசையில் முதலில் நின்ற தாயிடம் குழந்தையின் பெயரைக் கேட்டாள்.