மஞ்சள் கறை படிந்த ரிப்போர்ட்

செம்பியனைப் போல் ஓர் அண்ணன் கிடைக்கமாட்டான் என்று கடலூரில் அவர்கள் தெருவே சொல்லும். சொல்லட்டும். அப்பா போனபின் இரண்டு தங்கைகளையும் தாங்கியவன்தான். மூத்த தங்கை அருள்மொழியும் இன்று காலை வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வலது காதுக்கு முன்னால் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. மூன்று வருடத்துக்கு முன்பு கடலூரில் ஊசி குத்திச் சோதித்தார்கள். ரிப்போர்ட்டை வாங்கி வந்த செம்பியன், "வெறும் கொழுப்புக் கட்டிம்மா, உட்டுடு" என்றான். அண்ணன் சொல்லிவிட்டானே என்று இவளும் விட்டுவிட்டாள். போன மாதம் வலது கண் சரியாக மூடாமல் போனதும்தான் பயந்துபோய்ச் சிதம்பரத்துக்கு வந்தார்கள்.

டாக்டர் ராஜாமணி ஸ்கேனைப் பார்த்தார். "புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க. முகத்த அசைக்கிற நரம்போட உறையில வளர்ற கட்டி. பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?"

செம்பியன் தலை குனிந்தபடி ஒரு தாளை நீட்டினான். நாலு மூலையிலும் மஞ்சள் கறை. சின்னவள் ஸ்ரீமதியின் கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறான், பாவி.

"இதுலயே நரம்புக் கட்டின்னு போட்டிருக்கே. அப்பவே வந்திருந்தா கட்டிய மட்டும் பிரிச்சு எடுத்திருக்கலாம். இப்ப நரம்போட ஒட்டிக்கிச்சு. முடிஞ்சவரைக்கும் நரம்பக் காப்பாத்துறேன். ஆனா அந்தப் பக்கம் பழைய சிரிப்பு வரும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

வராந்தாவுக்கு வந்ததும் செம்பியன் முணுமுணுத்தான். "நரம்புன்னு ஒரு வார்த்த வெளிய போனா, குடும்பத்துக்கே நரம்புத் தளர்ச்சின்னு மாப்ள வீட்டுல ஓடிடுவாங்கம்மா. கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் அவ மாசமாயிட்டா. அப்படியே நாள் போயிடுச்சு."

அந்தக் கல்யாணத்தில் மண்டப வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் வாய் நிறையச் சிரித்து அழைத்தவள் அருள்மொழிதான். ஸ்ரீமதிக்குத் தெரிந்தால் துடித்துப்போவாள், அவளாவது நமக்காக நாலு வார்த்தை கேட்பாள் என்று அவள் வாழ்க்கைப்பட்ட பண்ருட்டிக்கு போன் போட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஸ்ரீமதி சொன்னாள்: "நீ நல்லாத்தானக்கா சிரிச்சிக்கிட்டு இருந்த. அதான் ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சோம்."

நெனச்சேன் இல்லை. நெனச்சோம்.

போனை வைத்தாள். நர்ஸ் ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தோடு வந்தாள். கூட வந்தவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பார்த்துச் செம்பியன் பேனாவை எடுத்தான்.

"இவுரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"ஸ்ரீமதியோட அண்ணன்" என்றாள் அருள்மொழி.