தண்ணீருக்கு முன்னால் வந்த மோட்டார் ரூம்

ராசிபுரத்துக்கு மேற்கே அங்கமுத்துவின் காட்டில் மோட்டார் ரூம் முதலில் வந்துவிட்டது. தண்ணீர்தான் இன்னும் வரவில்லை. நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் வைத்த தேங்காய் எழுந்து நின்றது என்று மூன்று இடத்தில் ஆழ்துளைப் போர் போட்டார். மூன்றிலும் புழுதிதான் கிளம்பியது. நாலாவது இடத்தில் துளை போடும் முன்பே மோட்டார் ரூமுக்குச் சுவர் எழுப்பிப் பெயரும் எழுதிவிட்டார். மனிதருக்குத் தன்னம்பிக்கையில் மட்டும் வறட்சியே கிடையாது.

அவர் மனைவி ரஞ்சிதாவுக்கோ பயம். இந்தப் போரும் பொய்த்தால் இரண்டு எருமைகளையும் விற்றுவிட வேண்டியதுதான். அவள் பிடிவாதத்தால்தான் நிலத்தடி நீர் பார்க்கும் ஷாலினி, மண்ணின் மின்தடையை அளக்கும் கருவியோடு சேலத்திலிருந்து வந்தாள்.

"தண்ணி இருந்தா கரண்ட் சுலபமாப் போகுங்க, தடை கம்மியாக் காட்டும். காஞ்ச பாறைன்னா தடை ஏறிடும்" என்று முந்தின நாளே அங்கமுத்துவிடம் போனில் விளக்கியிருந்தாள். விளக்கியது தப்பாகப் போயிற்று. விடிந்ததும் விடியாததுமாக அங்கமுத்து எருமைத் தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்துபோய் மோட்டார் ரூமைச் சுற்றி ஊற்றி, மேலே காய்ந்த மண்ணைத் தூவிவிட்டார். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு விடை எழுதிக் கொடுக்கிற அப்பாவின் அக்கறை அதில் இருந்தது.

ஷாலினி மோட்டார் ரூம் பக்கத்தில் நாலு கம்பிகளை ஒரே கோட்டில் தரையில் அடித்தாள். தடை குறைவாகவே காட்டியது.

"நாஞ் சொல்லுலீங்களா அம்மிணி?" அங்கமுத்து மீசையை நீவினார்.

"இருங்க. கம்பி கிட்டக் கிட்ட இருந்தா மேல்மண்ணுதான் தெரியும். தள்ளித் தள்ளி அடிச்சாத்தான் ஆழம் தெரியும்."

கம்பிகள் விலக விலகத் தடை ஏறிக்கொண்டே போனது. ஷாலினி நெற்றியைச் சுருக்கினாள். "கீழ வெடிப்பே இல்லாத பாறைங்க. மேல மட்டும் எப்படி இவ்வளவு ஈரம்? இங்க மழை பேஞ்சுதுங்களா?"

தொழுவத்தில் எருமை கத்தியது. ரஞ்சிதா காலித் தொட்டியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். தொட்டியை நிரப்பக் குடத்தை எடுத்தாள். அங்கமுத்துவுக்கு அதுதான் வெட்கமாக இருந்தது.

"செரி, நீயே சொல்லு. எங்க போடலாம்?"

"இத்தன வருசத்துல இப்பத்தான் கேக்கறீங்க" என்றாள் ரஞ்சிதா. "எனக்குந் தெரியாதுங்க. தெரியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வருது, அவ்வளவுதான்."

 அங்கமுத்து சுத்தியலை எடுத்துக்கொண்டு ஷாலினியிடம் போனார்.

"எனக்குந் தெரியாதுங்க அம்மிணி. அடுத்த கம்பிய எங்க அடிக்கோணும்?"