ஒரு யானையும் இரண்டு நீர்நாய்களும்

கணேசமூர்த்திக்கு மலாய் தெரியாது என்று காஜா பெராங் ஊரில் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. ஒரே ஒருவர் சொன்னார், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சேதுராமன். மறுமாதமே பள்ளி வாரியம் அவரை வேண்டாம் என்று எழுதிவிட்டது. இப்போது அவர் ஜாசினுக்கு அப்பால் ஏதோ ஒரு தோட்டத்துப் பள்ளியில் கொசுவை அடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறார். வாரியத்துக்குத் தலைவர் கணேசமூர்த்தி. செந்தமிழ்ச் சுடர் வாசகசாலைக்கும் அவரே தலைவர். வாசகசாலைத் தலைவர் வாரியத் தலைவருக்குக் கடிதம் எழுதுவார், வாரியத் தலைவர் பரிவோடு பரிசீலிப்பார்.

கமலவேணியின் விண்ணப்பத்தை மட்டும் அவர் பரிசீலிக்கவில்லை. மூன்று வருடமாக அவள் தற்காலிக ஆசிரியை. நிரந்தரமாக்கும் தாளில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. தலைவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தாள் வாசகசாலையில் அவருடைய மேசை டிராயரில் தூங்கியது. டிசம்பருக்குள் கையெழுத்து விழாவிட்டால் தற்காலிகங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அவளும் அவள் அம்மாவும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் தலைவர், "பாப்போம் டீச்சர், பாப்போம்" என்பார். பார்க்கத்தான் மாட்டார்.

ஐம்பத்தேழு ஆகஸ்டில் மெர்டேக்கா வந்தது. சுதந்திர வாரத்தில் ஒவ்வொரு சங்கமும் தன் கூடத்தை அலங்கரிக்க வேண்டும், நம் நாட்டு ஏரியும் காடும் அங்கே வாழும் உயிர்களும் தெரிய வேண்டும், அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார் என்று நகர விழாக்குழு அறிவித்தது. கணேசமூர்த்தி உடனே கமலவேணிக்கு ஆள் விட்டார். காரணம் இருந்தது. அவளுடைய வகுப்பறைச் சுவரில் துரியான் தோல் முள்ளம்பன்றியாக ஊர்ந்தது, தேங்காய்ச் சிரட்டை ஆமையாக நடந்தது, பாக்குப் பாளையில் மான்குட்டி நின்றது. குப்பைக்குப் போகிற எதுவும் அவள் கையில் பட்டால் கண் திறந்து பார்க்கும்.

"ஏரிக்குப் பழைய கண்ணாடித் துண்டு போதும் ஐயா," என்றாள். "சுத்தி காட்டுப் பெரணி இலை. தண்ணியோரமா கொக்கு, ஆமை, மீன்கொத்தி."

"அன்னம் வேணும்," என்றார் தலைவர்.

"இங்கே அன்னம் ஏது ஐயா?"

"இங்கே சுதந்திரம் மட்டும் இருந்துச்சா? வந்துச்சுல்ல."

ஆனால் தலைவர் அன்னத்தை அவராகவே விட்டுவிட்டார். அதைவிடப் பெரிய ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. இனி மலாய்தான் தேசிய மொழி என்று ஆனதும் அவர் ஒரு மலாய் அகராதி வாங்கியிருந்தார். அதைப் படிப்பதைவிட அக்குளில் வைத்துக்கொண்டு நடப்பதுதான் அதிகம். இப்போது மேசையில் விரித்துவைத்தார்.

"நம்ம ஊரு பேரையே செஞ்சு வச்சிடுவோம். காஜான்னா யானை. அது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பெராங்னா என்ன? யாருக்காவது தெரியுமா? நான் பாத்துட்டேன்." விரலை வைத்தார். அங்கே பெராங் என்ற சொல்லும், அதன் வாலில் 2 என்ற எண்ணும், எதிரே நீர்நாய் என்ற பொருளும் இருந்தன. "பெராங்னா நீர்நாய். அதுவும் எத்தனை? ரெண்டு. எவ்வளவு நுணுக்கமா போட்டிருக்கான் பாருங்க. ஒரு யானை, ரெண்டு நீர்நாய். அதான் காஜா பெராங்."

கூட இருந்த செயற்குழு தலையை ஆட்டியது. தலை ஆட்டுவதற்காகத்தான் அது தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது.

கமலவேணிக்கு மனசுக்குள் உறுத்தியது. கம்போங் செட்டிக் குடியிருப்பில் அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு, சந்திரமதி என்று. பல தலைமுறைக்கு முன்னே இங்கு குடியேறிய தமிழர் வழி வந்தவர்கள் அந்தச் செட்டிகள்; கோயிலில் கும்பிடுவது நம் சாமியைத்தான், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். சந்திரமதிக்குத் தமிழில் பூசை, பொங்கல், அண்ணன் என்று ஒரு கைப்பிடிச் சொற்கள்தான் தெரியும். கமலவேணி போய் நடந்ததைச் சொன்னதும் அவள் முற்றத்து மாமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெராங் என்றால் கடுங்கோபம் என்றாள். மதம் பிடித்த யானை, அதுதான் ஊர்ப் பெயர். பெராங் பெராங் என்று இரண்டு தரம் சொன்னால்தான் நீர்நாய். எழுதும்போது இரண்டு தரம் எழுதச் சோம்பல்பட்டு வால் பக்கத்தில் 2 போடுவார்கள். நீர்நாய் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அந்த 2 இருக்கும் என்றாள்.

கமலவேணியும் சிரித்தாள். வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் சிரிப்பு நின்றது. போய்ச் சொன்னால் ஜாசின். சொல்லாவிட்டால் அதிகாரி வந்து பார்த்து ஊரே கைகொட்டிச் சிரிக்கும், அந்தச் சிரிப்புக்கு டீச்சர்தான் காரணம் என்று தலைவர் கை காட்டுவார். இரண்டு பக்கமும் டிராயர் மூடியபடியே இருக்கும். அவளுக்கு அழுகையே வந்தது.

அழுதுகொண்டிருக்கவும் நேரம் இல்லை, ஐந்து நாள்தான் இருந்தது. முடிதிருத்தும் கடையில் உடைந்த நிலைக்கண்ணாடியை வாங்கிவந்து வாசகசாலைக் கூடத்தின் நடுவில் பரப்பினாள். ஏரி ஆயிற்று. கரையில் பெரணியும் பாசியும் பிடித்தன. சவுக்குக் காயில் எறும்புத்தின்னி, ரம்புத்தான் தோலில் குரங்குக்குட்டி, மங்குஸ்தீன் ஓட்டில் தவளை. பாளையைத் தண்ணீரில் ஊறவைத்து வளைத்து, ஆள் உயரத்துக்கு யானை கட்டினாள். நாரில் நீர்நாய் இரண்டு, தலைவர் எண்ணிக்கைப்படி.

நான்காம் நாள் அவள் யானையின் காதைப் பிடித்துக்கொண்டு சந்திரமதி சொன்னதை நினைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு காதையும் விரித்துவிட்டாள். துதிக்கையை மேலே தூக்கினாள். ஒரு காலை ஓங்கினாள். யானை குளிக்க வந்த இடத்தில் நீர்நாய்கள் இரண்டும் மல்லாந்து மிதந்துகொண்டு, அது தின்ன வைத்திருந்த வாழைப்பழத்தைத் தின்றன. எந்த யானைக்கும் கோபம் வரும். தலைவர் வந்து விரல்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு. கணக்குச் சரியாக இருந்ததால் அவருக்குக் கோபம் கண்ணில் படவில்லை.

அதிகாரி வந்தார், மலாய்க்காரர், நல்ல உயரம். வாசலில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் படித்தார், யானையைப் பார்த்தார், நீர்நாய்களைப் பார்த்தார். ஒரு நொடி கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோபக்கார யானை, அதன் கோபத்துக்குக் காரணம் பெராங் பெராங். ஒரு சொல்லில் இரண்டு விளையாட்டு, மலாய்க்காரர்களுக்கே தோன்றவில்லையே என்றார். கணேசமூர்த்திக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதி பாராட்டு என்பதால் மீதியைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

யார் செய்தது என்று அதிகாரி கேட்டார்.

"சாயா, துவான்," என்று தலைவர் தன் நெஞ்சைத் தொட்டார். நான்தான் ஐயா என்றார். கையையும் விரித்துக் காட்டினார்.

சுவரோரம் நின்ற கமலவேணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஐந்து நாள் நார் கிழித்த விரல் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

அதிகாரி மூலையில் கிடந்த பாளைத் துண்டு ஒன்றை எடுத்தார். வீட்டில் சின்ன மகள் இருக்கிறாள், ஒரு குட்டி யானை வேண்டும், என் கண் முன்னாலேயே செய்து தாருங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கணேசமூர்த்தி பாளையை வாங்கினார். மடித்தார், விரிந்தது. திருப்பி மடித்தார், செருப்பு மாதிரி ஒன்று வந்தது.

"டீச்சர்," என்றார் தமிழில், சிரிப்பு மாறாமல். "கொஞ்சம் இப்படி வாங்க. நான் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிக்கிறேன், நீங்க மடிச்சிடுங்க."

கமலவேணி வந்து பக்கத்தில் நின்றாள். அவளும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். "நான் தற்காலிகம்தானே ஐயா. நிரந்தரமா இருக்கிறவங்க செய்யட்டுமே."

அதிகாரி இருவரையும் பார்த்து அன்பாகத் தலையாட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது.

"இதுவா டீச்சர் நேரம்?"

"எட்டு மாசமா நேரம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நாளைக்குப் போட்டுடுறேன்."

"அப்ப யானையையும் நாளைக்கே செஞ்சிடலாம் ஐயா."

கணேசமூர்த்தி அதிகாரியைப் பார்த்தார், கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு மேசைக்குப் போய் டிராயரை இழுத்தார். படம் வரைந்துகொண்டுதான் செய்வார் போலிருக்கிறது என்று அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் மெச்சிக்கொண்டார். தலைவர் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கமலவேணி மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"தேதி போடலியே ஐயா," என்றாள்.

போட்டார். அதன் பிறகுதான் அவள் பாளையைக் கையில் வாங்கினாள்.