பத்திரமாக ஒப்படைக்கப்பட்டாள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கண்ணாடி மாற்றப் போனேன். கடையில் வேலை பார்க்கும் பெண் என் மூக்கின் மேல் ஒரு காலி ஃபிரேமை உட்கார வைத்து, கண்களுக்கு இடையிலான தூரத்தை அளந்துகொண்டிருந்தாள். அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

"நீங்க கதை எழுதுறவங்கதானே மேடம்?"

எனக்கு எப்போதாவது கிடைக்கும் பெருமை இது. தலையாட்டினேன்.

"ஆடாதீங்க," என்றாள். அளவுகோலை எடுக்காமலே தொடர்ந்தாள். "என் தங்கச்சி தப்பிச்சு ஓடி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா. அவங்க அவளை அவனுங்க கையிலயே பிடிச்சுக் குடுத்துட்டாங்க."

காதில் ஏதோ தவறாக விழுந்துவிட்டது என்று நினைத்தேன். "எவனுங்க கையில?"

"யாருகிட்டயிருந்து ஓடி வந்தாளோ அவனுங்க கையில."

பிறகு அளவைக் குறித்துக்கொண்டு, ஃபிரேம் கறுப்பா பழுப்பா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பழுப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன்.

கண்ணாடி வாங்கப் போன அன்று முழுவதையும் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை. "பேர் போடாதீங்க. ஊரையும் போடாதீங்க. ஊரைப் போட்டா, அங்க மட்டும்தான் நடக்கும்னு படிக்கிறவங்க நினைச்சுக்குவாங்க."

ஆகவே இவள் பெரியவள். தங்கை சின்னவள். வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

2

முதல் தொடக்கம்: "மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. காவல் நிலையத்தின் வாசலில் ஒரு சிறுமி நடுங்கிக்கொண்டு..."

(அன்று மழை இல்லை. நல்ல வெயில், நட்டநடுப் பகல். துக்கம் என்றால் உடனே மழையைக் கூப்பிடுவது என் கெட்ட பழக்கம்.)

இரண்டாவது: "அமைப்புகள் தோற்கும்போது ஓசை எழுப்புவதில்லை. அவை மெல்ல, தமக்குள்ளேயே..."

(கட்டுரை. எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

மூன்றாவது: "அந்த அறையில் அவளுக்கு..."

(இதை எழுத மாட்டேன். அந்த அறைகளுக்குள் ஏற்கெனவே போதுமான பேர் போய் வந்துவிட்டார்கள். நானும் நீங்களும் வேறு எதற்கு? கதவுக்கு வெளியே நின்றபடியே இந்தக் கதையைச் சொல்ல முடியும். வெளியேதான் எல்லோரும் நின்றிருந்தார்கள்.)

3

சின்னவளுக்கு அப்போது பதினாலு வயது. வாயாடி. கணக்கு டீச்சர் மூக்கால் பேசுவதை அப்படியே பேசிக் காட்டுவாள்; மாடி வீட்டுக்காரரின் இருமலைக்கூட இருமிக் காட்டுவாள். அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறவர். பெரியவள் அந்த வருடம்தான் கண்ணாடிக் கடையில் சேர்ந்திருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை. சின்னவளின் போன் கண்ணாடி உடைந்தபோது கடைக்காரன் இலவசமாக மாற்றிக் கொடுத்தான். "சித்தப்பான்னு கூப்பிடு, போதும்," என்றான். எல்லாப் பெண்களுக்கும் அவன் சித்தப்பாதான். அடுத்து ஒரு ஹெட்போன். அடுத்து காரில் ஒரு சுற்று. அடுத்து ஒரு போட்டோ. அதை அம்மாவுக்கு அனுப்பட்டுமா என்ற கேள்வி. அதன் பிறகு அவளாக எதற்கும் முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை. கார் ஓட்ட ஒருவன், வீடு பார்த்துக்கொள்ள ஒரு பெண், ஆள் பிடிக்க ஒருவன் என்று அது ஒரு தொழிலாக நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் தெரியவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"தெரிஞ்சுது மேடம். பேசுறதை நிறுத்திட்டா. யாரு மாதிரியும் பேசிக் காட்டல. அம்மா மறுநாளே ஸ்கூலுக்குப் போனாங்க."

தலைமை ஆசிரியை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க பொண்ணு கார்ல போறதை எல்லாரும் பாக்குறாங்க. மத்த பிள்ளைங்களும் கெட்டுப் போயிடும்," என்று சொல்லி மாற்றுச் சான்றிதழைக் கொடுத்தார்.

அம்மா குழந்தைகள் நல அதிகாரியிடம் போனார். "கட்டிப் போட்டா கூட்டிட்டுப் போறாங்க? அவளா ஏறித்தானே போறா? அப்ப அது அவ விருப்பம். நாங்க என்னம்மா செய்ய முடியும்?"

(பதினாலு வயது. 'விருப்பம்'. இந்த இடத்தில் ஒரு பத்தி கோபமாக எழுதி அடித்துவிட்டேன். அந்த அதிகாரியின் வாக்கியத்தை விட மோசமாக அவரைத் திட்ட எனக்குத் தெரியவில்லை.)

ஒரு நாள் சின்னவள் வீடு திரும்பவில்லை. அம்மா காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். மாடியில் காணாமல் போனவர்களைத் தேடும் பிரிவில் வாங்கிக்கொண்டார்கள். "லவ் கேஸ்மா இது. கொஞ்ச நாள்ல ரெண்டும் கையில காசில்லாம திரும்பி வரும், பாருங்க." அதன் பிறகு தினமும் அதிகாலை ஷிஃப்ட் முடிந்ததும் அம்மா அந்த மாடியில் போய் பெஞ்சில் உட்காருவார். யாராவது நிமிர்ந்து பார்த்தால் எழுந்து நிற்பார்.

4

அந்த நாள்.

கார் ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்றது. சின்னவள் பாத்ரூம் போக வேண்டும் என்றாள். பின்பக்கச் சுவர் இடிந்திருந்தது. தெருவைத் தாண்டினால் காவல் நிலையம். அவள் வீட்டுப் பக்கத்து நிலையம், அம்மா புகார் கொடுத்திருந்த அதே நிலையம். செருப்பு கழன்று விழ, ஓடிப்போய் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிலையத்தின் ரைட்டர். எழுத்து வேலை பார்க்கும் காவலரை அப்படித்தான் சொல்வார்கள். (அவரும் ரைட்டர், நானும் ரைட்டர். சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை.)

அவர் அவளை உட்கார வைத்தார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். தண்ணீர் கொடுத்தார். ஆள் அனுப்பி டீயும் பன்னும் வாங்கி வரச் சொன்னார். சின்னவளுக்குப் பல் கிட்டித்துப் பேச்சு வரவில்லை. பெயரை மட்டும் சொன்னாள். அவர் அவள் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போன் போடுறேன் பாப்பா. வந்துடுவாங்க. நீ சாப்பிடு."

அவள் தலையாட்டினாள். அம்மா புகார் கொடுத்திருப்பார், அதனால் இவர்களுக்கு அம்மாவின் நம்பர் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துச் சாப்பிட்டாள். முழுவதும் சாப்பிட்டாள்.

அந்தப் போன் சித்தப்பா கொடுத்தது. அவனிடம் இருந்த பெண்கள் எல்லோருடைய போனிலும் அவன் தன் நம்பரை 'வீடு' என்றுதான் பதிந்து வைப்பான்.

வெள்ளைச் சட்டையில் வந்தான். கூடவே அந்த வீடு பார்த்துக்கொள்ளும் பெண், கண்ணில் தண்ணீரோடு. "எங்கெல்லாம்டி தேடுறது உன்னை? பெத்தவ அங்க சோறு தண்ணி இல்லாம கிடக்கா!"

சின்னவள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். "இவங்க இல்ல," என்றாள். அன்று அவள் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

ரைட்டர் சிரித்தார். "கோவத்துல எல்லாப் பிள்ளைங்களும் சொல்றதுதான். பெரியவங்கன்னா நாலு வார்த்தை திட்டத்தான் செய்வாங்க. அடம் பிடிக்காதம்மா." அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், அவரே விடுவித்தார். அவர்கள் போன பிறகு உட்கார்ந்து எழுதினார்: வழிதவறி வந்த சிறுமி குடும்பத்தாரிடம் பத்திரமாக ஒப்படைக்கப்பட்டாள்.

அம்மா அப்போது மாடியில், பெஞ்சில் இருந்தார்.

(எனக்குத் தெரியும். வேறு யாராவது இதை எழுதிக் கொண்டுவந்தால் "தற்செயல் அதிகம், அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்றுதான் சொல்வேன். பெரியவளிடமும் கேட்டேன், அம்மா அன்றைக்கு நிஜமாகவே அங்கே இருந்தாரா என்று. "தினமும்தான் இருந்தாங்க மேடம். இதுல தற்செயல் எங்க வந்துச்சு?")

5

அந்த ரைட்டரை என்னால் நம்ப முடியவில்லை. ஆகவே மாற்றி எழுதினேன். என் வரைவில் அவருக்குத் தொந்தி வந்தது, பல்குத்தும் பழக்கம் வந்தது, சித்தப்பா மேசைக்கடியில் ஒரு உறையை நீட்டினான். எழுதி முடித்ததும் மனம் லேசானது. அதைப் பெரியவளிடம் கொடுத்தேன். கடையில் கூட்டமில்லாத நேரம். நின்றுகொண்டே படித்தாள்.

"இவரு இப்படி இல்ல மேடம்."

"லஞ்சம் வாங்கலையா?"

"இல்ல. அவர் நல்லவர். டீக்காசுகூட அவரே குடுத்தாரு. என் தங்கச்சியே சொன்னா, அந்த மாசத்துல அவகிட்ட அன்பாப் பேசினது அவர் ஒருத்தர்தான்னு."

"அப்ப ஏன்..."

"ஒரு அடையாள அட்டை கேக்கல. மாடி ஏறி ஒரு வார்த்தை கேக்கல. அவ 'இல்ல'ன்னு சொன்னது அவர் காதுல விழுந்துச்சு, மண்டைக்குள்ள போகல. அவ்வளவுதான்." காகிதங்களை மடித்து என்னிடம் நீட்டினாள். "அவரைக் கெட்டவரா எழுதிட்டீங்கன்னா படிக்கிற எல்லாருக்கும் நிம்மதியாப் போயிடும்."

வீட்டுக்கு வந்து தொந்தியையும் உறையையும் எடுத்துவிட்டேன். அவர் மறுபடி நல்லவராகி, மின்விசிறியைத் திருப்புகிறார்.

6

சின்னவள் எப்படிக் கிடைத்தாள்?

பள்ளிக்கூடம் தேடவில்லை, அதிகாரி தேடவில்லை, காவல் நிலையம் தேடவில்லை. பல வாரம் கழித்து வேறொரு ஊரில், ஒரு வீட்டில் மீட்டரைத் தாண்டிக் கொக்கி போட்டு மின்சாரம் இழுக்கிறார்கள் என்று யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். உடனே மின்வாரியத்தின் பறக்கும் படை வந்தது. வயரைப் பின்தொடர்ந்து போனவர்கள் ஒரு பூட்டிய அறையை உடைத்தார்கள். உள்ளே ஐந்து பெண்கள்.

(திரும்பப் படியுங்கள். திருடுபோன மின்சாரத்தைத் தேடி வந்தார்கள். சிறுமிகள் கூடுதலாகக் கிடைத்தார்கள்.)

விசாரணைக் குழு உட்கார்ந்தது. தலைமை ஆசிரியை 'பள்ளியின் நற்பெயர்' என்றார். அதிகாரி 'ஆள் பற்றாக்குறை' என்றார். மாடிப் பிரிவு 'கீழேயிருந்து தகவல் வரவில்லை' என்றது, கீழே இருந்தவர்கள் 'மேலிருந்து கோப்பு வரவில்லை' என்றார்கள். இடையில் இருந்தது ஒரு படிக்கட்டு.

தாழ்வாரத்தில் ரைட்டர் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கை கூப்பினார். "நானும் பொம்பளப் பிள்ளை பெத்தவன்மா. தூக்கமே வரல."

அம்மா நின்றார். "நான் தினம் உங்க மேசையத் தாண்டித்தான்யா மாடிக்குப் போவேன். ஒரு நாள்கூட எதுக்கு வர்றேன்னு நீங்க கேக்கல."

அவர் அழுதார். அம்மா அழவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

7

முடிவு. சித்தப்பாவின் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவன் ஜாமீனில் இருக்கிறான். ஆகவே தீர்ப்பு என்ற முடிவு என்னிடம் இல்லை. மற்றவற்றை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: சின்னவள் பெரிய அதிகாரியாகி, அதே நிலையத்துக்கு...

முடிவு ஆ: ஒரு காலைப்பொழுதில், கண்ணாடி முன் நின்று, அவள் மெல்லப் புன்னகைத்து...

முடிவு இ: கிணற்றில்...

போன வாரம் சின்னவளே என் வீட்டுக்கு வந்தாள், அக்காவோடு. பதினேழு வயது. மேசை மேலிருந்த மூன்றையும் எடுத்துப் படித்தாள்.

"இதுல வர்றது யாரு, அக்கா?"

"உன்... கதையில வர்ற பொண்ணு."

"அவளைப் போலீஸ் ஆக்காதீங்க. இந்தச் சிரிக்கிறதும் வேண்டாம், யாரு கண்ணாடி முன்னாடி நின்னு சிரிக்கிறா? அப்புறம், கிணத்துல போடாதீங்க. நான் டைப்பிங் கிளாஸ் போறேன், லோயர் பாஸ். அதைப் போட்டா கதை நல்லா இருக்காதா?"

நன்றாகத்தான் இருக்கும் என்றேன். அங்கேயே முடித்துவிடலாம் என்று உள்ளுக்குள் துள்ளலாகக்கூட இருந்தது.

"எனக்கு ஒண்ணு வேணும்க்கா," என்றாள். "அஞ்சு பேர்ல நாலு பேருக்கு வீட்டுலருந்து ஆள் வந்தாங்க. ஒருத்திக்கு யாருமே வரல. பேர் சொல்ல மாட்டா. எங்களை விடச் சின்னவ. சோறு வந்தா எனக்குப் பாதி தள்ளி வெப்பா. அவளை அரசாங்க இல்லத்துல சேர்த்தாங்க. அவளுக்கு ஒரு முடிவு எழுதிக் குடுங்க."

எழுத வேண்டுமென்றால் பார்க்க வேண்டும் என்றேன். மூவரும் நேற்று அந்த இல்லத்துக்குப் போனோம். வார்டன் அம்மாள் துணிகளுக்குத் துண்டுச்சீட்டு குத்திக்கொண்டிருந்தார். யார், எந்த அறையிலிருந்து மீட்கப்பட்ட பெண் என்று விளக்கினோம்.

"ஓ, அந்தப் பேசாத பொண்ணா? போயிடுச்சே. சொந்தக்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. நல்ல மாதிரியான ஆளுங்க. பழமெல்லாம் வாங்கிட்டு வந்திருந்தாங்க."

"என்ன சொந்தம்?" பெரியவள் கேட்டாள்.

வார்டன் நிமிர்ந்தார். "சொந்தம்னா சொந்தம்தாம்மா. அதுல என்ன சொந்தம்னு வேற கேப்பாங்களா?"

சின்னவள் என் கையைப் பிடித்திருந்தாள். எவ்வளவு இறுக்கமாக என்பது இன்று காலை மணிக்கட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

8

இதை இங்கே நிறுத்துகிறேன். முடிக்கவில்லை, நிறுத்துகிறேன். சின்னவள் வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண்ணைக் காணவில்லை என்று புகார் கொடுக்கப் போகிறோம். பெயர் கேட்பார்கள், தெரியாது. வயது கேட்பார்கள், தெரியாது. நீங்கள் அவளுக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். உறவுக்காரர் இல்லாமல் புகாரை வாங்க மாட்டோம் என்பார்கள்.

நீங்கள் இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள். உங்களுக்கு அவள் என்ன உறவு?