கழுவிய அச்சு

…ஒட்டக் கூடாது, இருபது வருடம் எண்ணெய் குடித்துக் கறுத்த அச்சில் சுட்ட பாண் ஒட்டவே கூடாது, கவிழ்த்து மேசை ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் தானாக வந்து விழ வேண்டும், ஆனால் இந்தச் செட்டின் மூன்று பாணும் வரவில்லை, ஓங்கி அடித்தேன், இன்னும் ஓங்கி அடித்தேன், கடைசியில் கத்தியை விட்டுக் கிளறியதும் அடிப்பாகம் பிய்ந்து வெள்ளைச் சதை தெரிய ஒன்று வந்து விழுந்தது, தோலுரித்த முயல் மாதிரி… சீ, என்ன நினைப்பு இது, நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் காலையில், வாசலில் இருபது பேர் கேக்குக்காக நிற்கும்போது. நாலு நாளாக எதைப் பார்த்தாலும் எனக்குச் சதையாகத்தான் தெரிகிறது. கேக்குக்கு நறுக்கி வைத்த செரிப்பழம்கூட என் தம்பியின் மண்டையாகத் தெரிகிறது. சனிக்கிழமை விடியும் நேரம் ஜெயராஜ் பாண் சுடும் போறணைக்கு முன்னால் குப்புறக் கிடந்தான், பின்மண்டை பிளந்து, சிந்திய மாவோடு இரத்தம் குழைந்து, யாரோ பிசைந்து பாதியில் விட்டுப் போன மாதிரி. இன்னும் கண்டி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறான். பின்கதவால் ஒருவன் வந்து இரும்புக் கம்பியால் அடித்திருக்கிறான் என்றது பொலிஸ், கம்பியைத் தேடி கடுகண்ணாவை ஊர்ச் சாக்கடைக் கானெல்லாம் கிண்டினார்கள், கம்பி கிடைக்கவில்லை, ஆள் கிடைத்துவிட்டான். எங்கள் பாணை ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு விற்கப் போகும் சுதேஷ். வெள்ளிக்கிழமை சாயந்தரம் சந்தியில் அவன் தம்பியின் சட்டைக் கொலரைப் பிடித்து, பொம்பளப் புள்ளய அடிக்கிற கைய முறிச்சு ஒங்க போறணைக்குள்ளயே போடுவேன் என்று கத்தியதை ஊரே கேட்டதே, வேறு சாட்சி எதற்கு?

ஆனால் இந்த அச்சு… விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன். மூன்று அச்சுகளை இரும்புப் பட்டையால் ஒன்றாக இறுக்கிய செட், தூக்கினால் கை இழுக்கும். எங்களிடம் நாற்பது செட் இருக்கிறது, எல்லாம் கரி மாதிரி, இது ஒன்று மட்டும் ஓரங்களில் வெள்ளையாகப் பளபளத்தது. யாரோ தேங்காய்த் தும்பும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பாண் அச்சை யாரும் கழுவமாட்டார்கள், பழைய துணியால் துடைத்து எண்ணெய் தடவுவதோடு சரி, கழுவினால் பாண் ஒட்டும், பேக்கரியில் ஒரு வாரம் நின்றவனுக்குக்கூட அது தெரியும். தெரிந்தும் கழுவினால்? துடைத்துப் போகாத ஏதோ ஒன்று அதில் இருந்திருக்கிறது. பட்டையின் ஒரு முனை உள்ளே நசுங்கியிருந்தது. ரோட்டிலிருந்து வந்தவன் எதற்கு அச்சைக் கழுவி, எண்ணெய் தடவி, திரும்ப அடுக்கில் வைக்கிறான்? எறிந்துவிட்டு ஓடியிருக்க மாட்டானா? அச்சு அடுக்குப் பக்கம் போகிறவர்கள் மூன்றே பேர், ஒருவன் ஆஸ்பத்திரியில், ஒருத்தி நான், மற்றவள் முன்கடையில் நின்று கேக் துண்டுகளைத் தங்கக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

லோஜினி, என் தம்பி மனைவி. ஒன்பது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறாள், கேக் சுற்றும்போது அவளுடைய இடது கைச் சின்ன விரல் மட்டும் மடங்காமல் நிற்கும், அதை ஒடித்தது ஜெயராஜ், மூன்று வருடத்துக்கு முன்னால், கதவிடுக்கில் வைத்து. கடைவாய்ப் பல் போனது அதற்கு முந்திய தீபாவளிக்கு. முழங்கையில் சூட்டுத் தட்டின் விளிம்பு ஒரு கோடாகப் பதிந்திருக்கும், கேட்கிறவர்களுக்கு நான்தான் பதில் சொல்வேன், பேக்கரின்னா சுடத்தானே செய்யும் என்று சிரித்துக்கொண்டே… நான் ஏன் சிரித்தேன்? கடைக்குள் எட்டிப் பார்த்தேன். சனிக்கிழமையிலிருந்து அவள் இடது புருவத்தைப் பென்சிலால் வரைகிறாள், நானும் பார்த்தேன், புருஷன் சாகக் கிடக்கும்போது இவளுக்கு என்ன அலங்காரம் என்று மனதுக்குள் கறுவினேன், அவ்வளவுதான் நினைத்தேன், ஒரு புருவத்தை மட்டும் யார் அலங்கரிப்பார்கள் என்று நினைக்கவில்லை. வாசலில் சுதேஷின் மனைவி தர்ஷனா நின்றாள், நாலாவது நாளாக, மழைத்தூறலில் குடைகூட இல்லாமல். வரிசையில் நின்றவர்கள் அவளைத் தொடாமல் விலகி நின்றார்கள். நேற்று வரைக்கும் நானும் அவளை ஏசினேன், போடி வெளியே, கொலைகாரன் பொண்டாட்டி என்று எல்லாரும் கேட்கக் கத்தினேன், பாண் வெட்டும் கத்தி கையில் இருந்தது, அதை நீட்டிக்கூடக் காட்டினேன். அக்கா, அவரு அன்னைக்கு ஆட்டோவ எடுக்கவே இல்ல, வீட்டுலதான் படுத்திருந்தாரு, சாமி சத்தியமா, என்றாள் இன்றைக்கும், வேறு எதுவும் கேட்கவில்லை. நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன், வரிசை முணுமுணுத்தது, இறக்கியே விட்டேன்.

லோஜினியை உள்ளே கூப்பிட்டு அச்சை மேசையில் வைத்தேன். பாண் ஒட்டிருச்சு, என்றேன். அவள் அச்சைப் பார்த்தாள், பிய்ந்த பாணைப் பார்த்தாள், கையிலிருந்த தங்கக் கடதாசியை நாலாக மடித்தாள்.

"தும்பு போட்டு மூணு தரம் தேச்சேன் அண்ணி. முடி ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

அழவில்லை, குரலும் நடுங்கவில்லை. சுதேஷுக்கு ஏன் வலிக்குது, ஒனக்கும் அவனுக்கும் என்ன, என்று கேட்டுத்தான் ஜெயராஜ் தொடங்கினானாம், பிறகு முடியைச் சுற்றிப் பிடித்துப் போறணைக் கதவைத் திறந்து முகத்தை உள்ளே அழுத்தினானாம், புருவம் பொசுங்கும் மணம் வந்ததும் கை தானாக அடுக்கைத் தடவியிருக்கிறது, அகப்பட்ட அச்சை வீசிய வேகத்தில் அவன் பிடி விட்டது, போறணைப் பக்கம் திரும்பித் தட்டுத்தடுமாறினான், நிமிர்ந்து வந்தால் தன்னை உள்ளேயே தள்ளிவிடுவான் என்று பயந்து இன்னொரு அடி. இதைச் சொல்லும்போது அவள் கை காற்றில் வீசியது, மடங்காத விரல் நீட்டிக்கொண்டு… என் தம்பி, நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன், அவன் மண்டை உடைந்த விதத்தை ஒருத்தி கண் முன்னால் நடித்துக் காட்டுகிறாள், எனக்கு அவள் கழுத்தை நெரிக்க வேண்டும் போல வந்திருக்க வேண்டாமா? வந்தது வேறு, ஏன் ரெண்டோடு நிறுத்தினாய் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கடித்து விழுங்கினேன். வாய் கேட்டது, என்னக் கூப்பிட்டிருக்கலாமே புள்ள, சுவத்துக்கு இந்தப் பக்கந்தானே நின்னேன்?

"நீங்க மாப் பிசையுற மெஷின போடுற சத்தம் எனக்குக் கேக்கும் அண்ணி. எப்பவும் கேக்கும். அது ஓடத் தொடங்குனா இனி யாரும் வரமாட்டாங்கன்னு தெரியும்."

மெஷின் ஓடியது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் பொலிஸில் சொல்லியிருந்தேன், அது பொய் இல்லை, ஆனால் ஏன் ஓடியது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்போதுதான் போன் அடித்தது, ஆஸ்பத்திரியில் தம்பியோடு நிற்கும் சின்னம்மா மகன் ஜனகன், அக்கா, அக்கா, அண்ணன் கண்ணு முழிச்சிட்டாரு, பேசுறாரு, அடிச்சது சுதேஷ்தான்னு அவரே சொல்லிட்டாரு, என்று மூச்சு வாங்கினான். போனில் இருந்த சத்தம் லோஜினிக்கும் கேட்டது. அவள் முகத்தில் வரைந்த புருவம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது, மற்றதெல்லாம் மாவு நிறம். ஏன் சுதேஷ் பெயர்? அடிச்சது யாருன்னு அவருக்குத் தெரியும் அண்ணி, என்றாள் மெதுவாக, என்னப் பொலிசுக்குக் குடுக்க மாட்டாரு, வீட்டுக்கு வந்து அவரே பாத்துக்குவாரு. எனக்கும் அது உடனே விளங்கியது, அவன் எப்படிப் பார்த்துக்கொள்வான் என்பதும் படம் படமாக விளங்கியது, போறணை, கதவு, முடி. காசிருந்த என் கைப்பையை அவளிடம் திணித்தேன், நாவலப்பிட்டி ரயில் இருக்கு, உங்கம்மா வீட்டுக்கு ஓடிரு, மத்தத நான் பாத்துக்கிறேன் என்றேன். அவள் பையை மேசையில் வைத்தாள். நான் ஓடினா சுதேஷ் அண்ணன் உள்ளயே கிடப்பாரு, எனக்காக வாயத் தொறந்த ஒரே ஆளு அவருதான், என்றாள். ஒரு பாண் பையை எடுத்து அச்சை அதற்குள் போட்டாள், பின்கதவைத் திறந்தாள், வாங்க அண்ணி, என்றாள், கோயிலுக்குக் கூப்பிடுவது போல.

ஏற்றத்தில் லொறிகள் முனகின, மூடுபனி ரோட்டில் இறங்கியிருந்தது, தர்ஷனா எங்கள் பின்னாலேயே வந்தாள், ஏன் என்று கேட்கவில்லை. பொலிஸில் லோஜினி பையை மேசையில் வைத்து, நான்தான், என்று சொன்ன பிறகு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த தர்ஷனா வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு குலுங்கினாள், என்னை மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், காறித் துப்பியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. கோர்ட் இருபத்தாறாம் தேதிதான், அதற்குப் பிறகுதான் சுதேஷை விடலாம் என்றார்கள், ஆக நத்தாருக்கு அவன் உள்ளேதான். பொம்பளைப் பொலிஸ் ஒருத்தி லோஜினியைத் தனியாகக் கூட்டிப் போய், பென்சிலை அழித்து, பொசுங்கின புருவத்தைப் படம் எடுத்தாள், விரலை, முழங்கையை, தலையில் முடி பிடுங்கின இடத்தை… திறந்த கதவிடுக்கால் கமரா வெளிச்சம் ஒவ்வொரு தரமும் வெட்டியது, நான் எண்ணத் தொடங்கி பதினொன்றோடு விட்டுவிட்டேன். வயதான சார்ஜன்ட் ஒருவர் என் எதிரே உட்கார்ந்து, உடைந்த தமிழில், நீங்க பக்கத்துல தானே அம்மா, எத்தின வருஷம் இப்படி, என்று கேட்டார். ஒன்பது. கேட்டுச்சா? கேட்டுச்சு, எல்லா வருஷமும் கேட்டுச்சு, மெஷினப் போட்டேன், என்றேன், அவர் பேனை ஒரு கணம் நின்று பிறகு எழுதியது. என்னைத் தேற்ற நினைத்தாரோ என்னவோ, தாளைத் திருப்பிக்கொண்டே, பரவாயில்ல, தம்பி முழிச்சிட்டார், அது சந்தோஷம் தானே, என்றார். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஜனகனின் போன் வந்தபோது, கண் முழிச்சிட்டாரு என்ற அந்த முதல் நொடியில், எனக்குள் ஏதோ ஒன்று சோர்ந்து உட்கார்ந்ததே, அது என்ன? அவன் திரும்பி வந்து இவளைக் கொன்றுவிடுவான் என்ற பயம் என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தேன், ஆனால் அவன் சுதேஷ் பெயரைச் சொன்னது அதற்குப் பிறகுதானே, அந்த நொடியில் எனக்கு லோஜினி ஞாபகமே இல்லையே… அப்படியென்றால் அது அவளுக்காக இல்லை, அந்த அடிச் சத்தத்தைத் திரும்பவும் கேட்க வேண்டி வருமே என்று, என் காதுக்காக… சார்ஜன்ட் காத்திருந்தார், நான் இன்னும் வாயை மூடவில்லை.