கரையாத சர்க்கரைக் கட்டி

அந்த ஞாயிறு மாலை காப்பி மேசையில் இருந்தவர்கள் மூவர்: ஐஃபெல் மலைப்பகுதியில் எரிமலை கக்கிய நுரைக்கல்லை வெட்டியெடுக்கும் குவாரி நடத்தும் கெரோல்ட் டொன்னஸ், அவருடைய அக்கா வால்பூர்கா, எரிமலைக் கற்களின் வயதைக் கணிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மருமகள் இர்ம்ட்ரூட். வேறு யாரும் இல்லை.

நான்கு தலைமுறையாக டொன்னஸ் குவாரிக் கல் என்றால் கலப்பில்லாதது. அந்தப் பெயருக்கு இப்போது மருமகளே உலை வைத்திருந்தாள். குவாரியின் நுரைக்கல்லிலிருந்து இருபது சின்னப் படிகங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாய் லேசரில் உருக்கி, உள்ளே அடைபட்டிருந்த ஆர்கன் வாயுவை அளந்தாள். பொட்டாசியம் சிதைந்து ஆர்கன்-40 எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ, அதற்கேற்ற வயது. பதினெட்டுப் படிகங்கள் எரிமலை வெடித்துக் கழிந்த பதின்மூன்றாயிரம் ஆண்டையே சொல்லின. இரண்டு மட்டும் பல லட்சம் ஆண்டு என்றன. செய்தி எப்படியோ பக்கத்துக் குவாரிக்கு எட்டியது. டொன்னஸ் வெளிக்கல்லைக் கலக்கிறார் என்று ஊர் பேசியது.

"அந்த ரெண்டையும் எழுதாம விட்டுடும்மா. உன் ஆய்வறிக்கை நாளைக்குத்தானே போகுது?" என்றார் கெரோல்ட்.

"முடியாது மாமா. எண்ணை ஒளிச்சா என் பேரு கெட்டுடும்."

"உன் பேரும் டொன்னஸ்தான்."

வால்பூர்கா தம்பியின் கோப்பையில் கரண்டியை விட்டுத் துழாவினார். "ஏன்டா, டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்னாரே. எத்தனை போட்ட?"

"ஒண்ணும் போடலைக்கா. கோப்பையில முன்னாடியே கிடந்திருக்கும்."

"அடியில ரெண்டு கட்டி முழுசா உக்காந்திருக்கு. கொதிக்கிற காப்பியில இவ்ளோ நேரம் அப்படியே இருக்குமா? நான் கேக் எடுக்கத் திரும்பினப்ப போட்டிருக்க. சத்தம் கேக்கும்னு கலக்கக்கூட இல்ல."

இர்ம்ட்ரூட் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அதேதான் அத்தை. எரிமலைக் குழம்புல ரொம்ப நாள் கிடந்தா படிகத்துல இருக்கிற பழைய ஆர்கன் வெளியே ஓடிடும். இந்த ரெண்டுல ஓடலை. பூமிக்குள்ள ஆறிக் கிடந்த பழைய பாறையிலேருந்து, மலை வெடிக்கக் கொஞ்சம் முன்னாடிதான் குழம்புக்குள்ள விழுந்திருக்கு."

கெரோல்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கலந்தது யாரு?"

"மலைதான் மாமா. உங்ககிட்ட கேக்காமலே."

அவர் மருமகள் பக்கம் திரும்பினார். "ரெண்டையும் எழுது. முதல் பக்கத்துலயே எழுது."

"சர்க்கரையையும் எழுதச் சொல்லவா?" என்றார் வால்பூர்கா.

அறிக்கை வந்தபின் கல் கலந்த பேச்சு ஊரில் அடங்கிவிட்டது. கெரோல்ட் அன்று ரகசியமாக மூன்று கட்டி போட்டார் என்றுதான் இப்போது பேசுகிறார்கள். தவறு. இரண்டு.